குதிரை உலாவும் சித்திரகவியும்

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள திருக்கோஷ்டியூர், இலக்கிய மாணவர்க்குத் திருக்கோட்டியூர் என்னும் பெயரால் அறிமுகமான ஊர். பெரியாழ்வார் பாடிய ஊர் அது. இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து வந்து, திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்டார் என்பதும், கேட்ட பொருளைக் கோயிலின் மேலேறி நின்று யாவர்க்கும் உரைத்தார் என்பதும் வைணவ மரபு போற்றும் வரலாறு. இவ்வரலாற்றின் சமயப் பொருளையும் சமுதாயப் பொருளையும் அறிஞர் பலர் விரித்துரைத்துள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அந்த நடையை மட்டுமே.

18 முறை வந்தவர் 18 முறை திரும்பியும் இருப்பார். அஃதாவது, ஒரே வழியை 36 தடவை மிதித்திருப்பார். இது ஒருவகைப் பயணம். இதற்கு நேர் எதிரான இன்னொரு பயணமும் அதே ஊரைத் தொட்டுச் செல்கிறது. பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் பாடிய நூற்றெட்டுத் திருப்பதி அந்தாதியில் திருக்கோட்டியூர் பாண்டிய நாட்டுப் பதிகள் பதினெட்டனுள் ஒன்று. அந்நூலின் உலாவில் எந்தப் பதிக்கும் மறுமுறை வருவதில்லை. எந்தப் பதியும் விடுபடுவதுமில்லை. அந்தாதியின் முறைப்படி ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும். இறுதிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு இணைவதை மண்டலித்தல் என்பர். ஒவ்வோரிடத்தையும் ஒரே ஒருமுறை தொட்டு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் இத்தகைய உலாவைக் கணித நூலார் 'ஹாமில்டன் சுற்று' என்கின்றனர்.

சித்திரகவி என்றும் மிறைக்கவி என்றும் நாம் பாடத்தில் படித்து, தேர்வுக்கு எழுதி, பிறகு மறந்துவிடும் ஒரு பகுதிக்கும் இந்தச் சுற்றுக்கும் உள்ள உறவைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். சித்திரகவியை வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாட்டின் உணர்ச்சியைக் கொண்டு அளந்தால் அத்தீர்ப்பு பெரும்பாலும் சரியே. ஆனால், அளக்கத் தக்கது உணர்ச்சி ஒன்றுதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணிதத்தைச் சற்றே காண்போம். சில புள்ளிகள், அவற்றுள் சிலவற்றை இணைக்கும் கோடுகள். இவ்வளவே கோட்டுரு என்பது. புள்ளிகள் ஊர்களாகவும் கோடுகள் சாலைகளாகவும் இருக்கலாம். அல்லது புள்ளிகள் எழுத்துகளாகவும் கோடுகள் ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்திற்குத் தாவும் உரிமையாகவும் இருக்கலாம். இக்கோட்டுருவின்மேல் இரண்டு வினாக்களை எழுப்பலாம். எல்லாக் கோடுகளையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து திரும்ப முடியுமா என்பது ஒன்று. எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுத் திரும்ப முடியுமா என்பது மற்றொன்று.

முதல் வினா நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கை எடுக்காமல், போட்ட கோட்டின்மேல் மீண்டும் போகாமல், தொடங்கிய இடத்தில் முடியும் சிக்குக் கோலம் கோடுகளைப் பற்றிய கணக்கு. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களை வைத்து ஆய்லர் 1736இல் இதற்கு விடை கண்டார். கோட்டுரு துண்டுபடாமல் இருந்து, ஒவ்வொரு புள்ளியிலும் கூடும் கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் முடியும், இல்லையேல் முடியாது. எண்ணிப் பார்த்தாலே போதும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1970களில் வெளியிட்ட கட்டுரைகள் உலகக் கணினி அறிஞரின் கவனத்தைப் பெற்றன என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இரண்டாம் வினா பார்வைக்கு முதல் வினாவின் உடன்பிறப்பாகத் தோன்றினும் இயல்பில் முற்றிலும் வேறானது. அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன், பன்னிரு ஐங்கோண முகங்களும் இருபது முனைகளும் கொண்ட ஒரு திண்ம வடிவை எடுத்து, முனைகளுக்கு நகரங்களின் பெயரிட்டு, 1857இல் ஒரு விளையாட்டை அமைத்தார். தில்லியும் காஷ்மீரமும் அவ்விருபதில் இருந்தன. 25 பவுன் விலைக்கு அவர் விற்ற அவ்விளையாட்டு 1859இல் இலண்டன் கடைகளுக்கு வந்தது, விற்பனையில் தோற்றது. அவருக்குச் சற்று முன்னரே கர்க்மன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இதே வினாவை இன்னும் பொதுவாக எழுப்பியிருந்தார். பெயர் மட்டும் ஹாமில்டனுக்குச் சென்றது. இலக்கிய வரலாற்றில் இத்தகைய பெயர்மாற்றங்களை நாம் காணாதவர்களா?

எல்லா ஊர்களுக்கும் இடையே நேர்வழி இருந்துவிட்டால் இந்த வினாவில் சுவை இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் ஒரே சுற்றில் கண்டு திரும்ப விரும்புவோர், எந்த வரிசையில் சென்றாலும் செல்லலாம். அவ்வாறான சுற்றுகள் 20,160. திருக்கோஷ்டியூரையும் சேர்த்துப் பத்தாக்கினால் 1,81,440. அங்கே எழும் கேள்வி எது குறுகிய சுற்று என்பதே. வழிகள் குறைந்து, சில இடங்களிலிருந்து சில இடங்களுக்கே போக முடியும் என்னும்போதுதான், சுற்று உண்டா இல்லையா என்பதே கேள்வியாகிறது.

அந்தாதிக்கும் இது பொருந்தும். அந்தாதியில் ஒரு பாடலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைப் புலவரே அமைத்துக்கொள்கிறார். வழியும் அவருடையது, பயணமும் அவருடையது; ஆதலின் மண்டலித்தல் உழைப்பால் கைகூடும். வழியைப் பிறர் வகுத்துவிட்டுப் பயணத்தை மட்டும் புலவரிடம் விட்டால் என்ன ஆகும்? சதுரங்கக் குதிரை அந்த நிலையில்தான் புலவரை நிறுத்தியது.

சதுரங்கத்தில் குதிரை ஒருபுறம் இரண்டு கட்டமும் அதற்குக் குறுக்கே ஒரு கட்டமும் கடந்து தாவும் என்பதை அனைவரும் அறிவர். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் வேட்டி கட்டி நின்ற 'தம்பி'யும் குதிரைக் காயே. அக்குதிரையைத் தனியாக விட்டு, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் எல்லாக் கட்டங்களையும் மிதிக்கச் செய்வதே குதிரை உலா. கட்டங்களைப் புள்ளிகளாகவும் தாவல்களைக் கோடுகளாகவும் கொண்டால் இது ஹாமில்டன் கணக்கே ஆகிறது. கடைசிக் கட்டத்திலிருந்து முதற்கட்டத்திற்குத் தாவ முடியுமாயின் அது சுற்று. முடியாதாயின் வெறும் வழி. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வருவனவெல்லாம் இதன்மேல் நிற்கின்றன.

ஹாமில்டனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், இவ்வுலா இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. பாக்தாதில் வாழ்ந்த சதுரங்க வல்லுநர் அல்-அத்லி அர்-ரூமி, 64 கட்டங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே திரும்பும் உலாவைக் கண்டார். அவர் பெயரால் வழங்கும் உலாக்களைப் பிற்கால அரபுச் சுவடிகள் காத்துவைத்துள்ளன. காஷ்மீரத்தில் ருத்ரடர் தம் காவ்யாலங்காரம் என்னும் அணியிலக்கண நூலில், குதிரைத் தாவலில் படிக்கத்தக்க ஒரு சுலோகத்தை அமைத்துக் காட்டினார். பாக்தாதில் அது ஆட்டம். காஷ்மீரத்தில் அது பாட்டு. பின்னர் 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும், 19ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அமைத்த உலாக்களிலும் இம்மரபு தொடர்ந்தது. ஐரோப்பாவில் ஆய்லர் இதனை ஆய்ந்தது 1759இல்.

தமிழில் தண்டியலங்காரம் சொல்லணியியலில் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலாகப் பன்னிரண்டு சித்திரகவிகளைக் கூறுகிறது. குதிரை நடையாகிய துரகபந்தம் அப்பட்டியலில் இல்லை. எனினும் அது தமிழகத்திற்கு வராமல் போகவில்லை. காஞ்சியை அடுத்த தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகர் (1268–1369), திருவரங்கநாதனின் பாதுகைகளைப் போற்றி 1008 சுலோகங்களால் பாடிய பாதுகா சகஸ்ரத்தில், சித்திரபத்ததி என்னும் 30ஆம் பகுதியில், அடுத்தடுத்து வரும் இரு சுலோகங்கள் இவ்வகையின. இராமாநுசர் எந்த நகரிலிருந்து திருக்கோட்டியூருக்கு நடந்தாரோ, அதே நகரில் உறையும் இறைவனின் திருவடி நிலைகளைப் பாடிய நூலில், குதிரை நடக்கிறது.

அமைப்பு இது. அநுஷ்டுப் என்னும் வடமொழி யாப்பில் ஒரு சுலோகத்திற்கு 32 எழுத்து. மெய்யை நீக்கி உயிரும் உயிர்மெய்யும் மட்டும் எண்ணப்படும். அடிக்கு எட்டாக நான்கு அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 4 வரியும் 8 பத்தியும் உடைய கட்டம் கிடைக்கும். இது சதுரங்கப் பலகையின் சரிபாதி. முதற் சுலோகத்தை இக்கட்டத்தில் நேராக எழுதி, இடப்பக்க மேல்மூலையில் குதிரையை வைத்து, அது தாவும் வரிசையில் எழுத்துகளைப் படித்துச் சென்றால் இரண்டாம் சுலோகம் பிறக்கிறது. அதுவும் பொருளும் யாப்பும் வழுவாத சுலோகம். குதிரை மிதிக்கும் வரிசை வருமாறு:

1 – 30 – 9 – 20 – 3 – 24 – 11 – 26
16 – 19 – 2 – 29 – 10 – 27 – 4 – 23
31 – 8 – 17 – 14 – 21 – 6 – 25 – 12
18 – 15 – 32 – 7 – 28 – 13 – 22 – 5

மாணவர் ஒரு காகிதத்தில் இதனை எழுதி, 1 முதல் 32 வரை விரலால் தொட்டுச் செல்வது நல்லது. ருத்ரடரின் சுலோகத்திலும் குதிரை செல்வது இதே தடம். ஆனால் அவர் மிகச் சில எழுத்துகளையே திரும்பத் திரும்ப இட்டு, எப்படிப் படித்தாலும் அதே சுலோகம் வருமாறு செய்தார். தேசிகரோ இரண்டு வெவ்வேறு சுலோகங்களை ஒரே எழுத்துகளிலிருந்து எடுத்தார். பழைய தடத்தில் அவர் ஓட்டியது புதிய தேர். இரண்டனுள் அரியது எது என்று கேட்டால் நாம் தயங்காமல் தேசிகருடையதையே சொல்வோம்.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 32ஆம் கட்டத்தில் நிற்கும் குதிரை 1ஆம் கட்டத்திற்குத் தாவ முடியாது. ஆகவே இது வழியே அன்றிச் சுற்று அன்று. கவிஞர் இன்னும் முயன்றிருந்தால் சுற்றாக்கியிருக்கலாமோ? முடியாது. அவரால் மட்டுமன்று, எவராலும் முடியாது. இதற்கான நிறுவல் தமிழ் மாணவர்க்கு மிக எளிது. அகம், புறம் என்ற இரண்டு சொற்களே அதற்குப் போதும்.

நான்கு வரிகளுள் மேல்வரியும் கீழ்வரியும் புறம் என்க. நடுவிலுள்ள இரு வரிகளும் அகம் என்க. புறத்தில் 16 கட்டம், அகத்தில் 16 கட்டம். புறத்தில் நிற்கும் குதிரை எங்குத் தாவினாலும் அகத்தில்தான் விழும். புறத்திலிருந்து புறத்திற்குத் தாவல் இல்லை. அகத்திலிருந்தோ புறத்திற்கும் தாவலாம், அகத்திற்கும் தாவலாம். இப்போது சுற்று ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்வோம். புறக்கட்டம் ஒவ்வொன்றையும் அடுத்து ஓர் அகக்கட்டம் வரும். புறம் 16 ஆதலின் அவற்றை அடுத்து வரும் அகமும் 16. அகம் மொத்தமே அவ்வளவுதான். ஆகவே புறம், அகம், புறம், அகம் என்று மாறி மாறியே சுற்று அமைய வேண்டும். அகத்தை அடுத்து அகம் வர இடமே இல்லை. மறுபக்கம், சதுரங்கப் பலகையில் குதிரை ஒவ்வொரு தாவலிலும் வெள்ளையிலிருந்து கறுப்பிற்கும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மாறும். இரண்டு மாற்றங்களும் ஒரே தாளத்தில் நடப்பதால், புறக்கட்டம் எல்லாம் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும். மேல்வரியைப் பார்த்தாலே அதில் இரு நிறமும் கலந்திருப்பது தெரியும். எனவே சுற்று இல்லை.

இவ்வாதத்தில் 8 என்ற எண் எங்கும் வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். வரி நான்காக இருக்கும்வரை, பத்தி எத்தனையாயினும் இதே முடிவுதான். நாலடியில் எழுதி, அடி ஒன்றை ஒரு வரியாக வைக்கும் எந்தப் பாட்டிலும் குதிரை வீடு திரும்பாது.

இதே அகமும் புறமும் இன்னொன்றையும் சொல்கின்றன. சுற்று வேண்டாம், வழி போதும் என்று கொண்டால் அந்த வழி எப்படி இருக்க வேண்டும்? இரண்டு புறக்கட்டங்களுக்கு இடையே ஓர் அகமேனும் வர வேண்டும். 16 புறங்களுக்கு இடையே 15 இடைவெளி, அகமோ 16. எஞ்சும் ஓர் அகம் வழியின் ஒரு நுனியில் நின்றால், பழையபடி எல்லாம் மாறி மாறி வந்து, நிறக்கணக்கு இடிக்கும். ஆகவே அது ஏதோ ஓர் இடைவெளியில் இன்னோர் அகத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும். அதாவது, வழி முழுவதிலும் அகத்திலிருந்து அகத்திற்குத் தாவல் ஒரே ஒருமுறை நிகழும். முதலும் முடிவும் புறத்தில் இருக்கும். அத்தாவலுக்கு முன் மிதித்த புறக்கட்டம் எல்லாம் ஒரு நிறம். பின் மிதிப்பவை எல்லாம் மற்ற நிறம். புறத்தில் வெள்ளை 8, கறுப்பு 8. எனவே அந்த ஒற்றைத் தாவல் எட்டுப் புறமும் எட்டு அகமும் முடிந்த இடத்தில், 16க்கும் 17க்கும் நடுவில்தான் நிகழ முடியும்.

மேலே தந்த கட்டத்தில் 16ஐயும் 17ஐயும் பாருங்கள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் 16. மூன்றாம் வரியில் 17. இரண்டும் அகம். வேறெங்கும் அப்படி ஒரு தாவல் இல்லை.

அநுஷ்டுப் சுலோகத்தில் 16ஆம் எழுத்து எது? முற்பாதி முடியும் இடம். ஓதுவோர் மூச்சு விட்டு நிறுத்தும் இடம். செவி நிற்கும் அதே இடத்தில் குதிரையும் தன் நடையை மாற்றுகிறது; அதுவரை வெள்ளையில் தொட்ட புறத்தை இனிக் கறுப்பில் தொடுகிறது. இதைக் கவிஞர் திட்டமிட்டாரா என்று கேட்பது இலக்கிய மாணவரின் இயல்பு. திட்டமிட வேண்டியதில்லை, 4 வரியும் 8 பத்தியும் கொண்ட கட்டத்தில் எந்தக் குதிரை எந்த வழியில் சென்றாலும் இது நிகழ்ந்தே தீரும். யாப்பு தன் காரணத்திற்காகப் பாதியில் நின்றது. கணிதம் தன் காரணத்திற்காகப் பாதியில் திரும்பியது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்ததைக் கண்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

தேசிகரின் தடத்தில் இன்னுமொரு வசதி உண்டு. இதே கட்டத்தை மற்றொரு முறை கீழே ஒட்டினால், மேற்கட்டத்தின் 32லிருந்து கீழ்க்கட்டத்தின் 1க்குக் குதிரை இயல்பாகத் தாவும். ஆகவே இரண்டு சுலோகத்தில் 64 கட்டமும் நிறைந்துவிடும். அப்போதும் கிடைப்பது வழியே. கடைசிக் கட்டத்திலிருந்து முதற்கட்டம் எட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே' என்று முழங்குவது நம் மேடைகளில் எளிது. ருத்ரடரும் தேசிகரும் ஒரு வழியைக் கண்டனர். அல்-அத்லி ஒரு சுற்றைக் கண்டார். இருக்கிறது என்று ஒன்றைக் காட்டுவது வேறு. இல்லவே இல்லை என்று நிறுவுவது வேறு. பின்னது அவர்கள் செய்த பணி அன்று. ஆயினும், மிறைக்கவி என்று நாம் முகஞ்சுளித்து ஒதுக்கிய ஒரு மூலையில், எழுத்தையும் இடத்தையும் பிரித்தறிந்து, இடத்தின் ஒழுங்கைத் தனியே ஆராயும் சிந்தனை இருந்தது என்பதை மறுக்க முடியாது. உணர்ச்சி குறைந்த பாட்டு என்பதற்காக அறிவையும் சேர்த்து எறிந்துவிட்டோம்.

இக்கணக்கு இன்றும் முடிந்துவிடவில்லை. ஒரு கோட்டுருவில் ஹாமில்டன் சுற்று உண்டா என்று விரைவில் சொல்லும் பொதுவிதி கிடையாது. 1952இல் டிராக் ஒரு விதி தந்தார்: மூன்றோ அதற்கு மேலோ புள்ளிகள் உள்ள கோட்டுருவில், ஒவ்வொரு புள்ளியும் மொத்தப் புள்ளிகளில் பாதிக்குக் குறையாதவற்றோடு இணைந்திருந்தால் சுற்று உறுதி. நல்ல விதிதான். ஆனால் சதுரங்கத்தில் 64 கட்டம் இருக்க, குதிரைக்கு மிகுதியாய்ப் போனால் 8 வழியே, விதி உதவாது. 1972இல் ரிச்சர்டு கார்ப் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. அவற்றுள் ஒன்றற்கு விரைவான பொதுவழி கண்டால் எல்லாவற்றுக்கும் கண்டதாகும். இதுவரை ஒன்றற்கும் காணப்படவில்லை. 64 கட்டப் பலகையில் மட்டும் குதிரைச் சுற்றுகள் 13,26,736 கோடிக்கு மேல். அவற்றுள் வரிக்கூட்டும் பத்திக்கூட்டும் இரு மூலைவிட்டக் கூட்டும் 260ஆக அமையும் மாயச் சதுரமாகக் குதிரை நடக்குமா என்று நெடுங்காலம் தேடினர். சுற்றாயினும் வழியாயினும் அப்படி ஒன்றுமில்லை என்று 2003இல் கணினிகள் ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடிச் சொல்லின.

சுற்று உள்ள கட்டங்கள் எவை, இல்லாதவை எவை என்பதை 1991இல் சுவெங்க் என்பவர் முழுமையாக வகுத்தார். வரியும் பத்தியும் இரண்டும் ஒற்றைப்படையானால் இல்லை. வரி 1, 2, 4 ஆனால் இல்லை. வரி 3 ஆகிப் பத்தி 4, 6, 8 ஆனாலும் இல்லை. ஏனையவற்றில் எல்லாம் உண்டு. இதைப் படித்ததும் நமக்குக் காரிகை நினைவு வந்தது. தமிழில் எழுத்தெண்ணிப் பாடும் யாப்பு என்றால் முதலில் தோன்றுவது கட்டளைக் கலித்துறை. ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. நான்கடியும் நேரில் தொடங்கினால் 64 எழுத்து. சதுரங்கப் பலகை முழுவதும் நிறைந்துவிடுகிறது! நான்கடியும் நிரையில் தொடங்கினால் 68. அதனைச் செவ்வகமாக அடுக்க மூன்று வழிகளே உண்டு: ஒரு வரி, இரண்டு வரியில் 34, நான்கு வரியில் 17. மூன்றிலும் சுற்று இல்லை. ஆகவே நேரில் தொடங்கிய கலித்துறையில் குதிரை வீடு திரும்பலாம். நிரையில் தொடங்கியதில் திரும்பவே முடியாது. நேர், நிரை என்னும் பழைய பிரிவு இப்படியும் ஒரு பயன் தரும் என்று யார் எண்ணியிருப்பர்?

சுற்றாக அமையும் பாட்டில் எந்த எழுத்திலிருந்தும் படிக்கத் தொடங்கலாம். எழுத்தளவிலேயே மண்டலிக்கும் அந்தாதி அது. பாட்டெழுதும் ஆர்வமுள்ள நம் மாணவர் இதனை முயன்று பார்க்கலாம். அடி ஒன்றை எட்டெட்டாக இரு வரியில் எழுதி, எட்டு வரியாக்கி, எழுத்துகளுக்கு 1 முதல் 64 வரை எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். ஒற்று தன் முன்னெழுத்தோடு சேர்ந்தே பயணம் செய்யட்டும். தடத்தைத் தேர்ந்தெடுக்க, வார்ன்ஸ்டார்ஃப் 1823இல் சொன்ன உத்தி கைகொடுக்கும்: அடுத்துத் தாவக்கூடிய கட்டங்களுள், மேற்செல்லும் வழி எதற்கு மிகக் குறைவோ அதற்கே தாவுக. இவ்வுத்தி வழியைப் பெரும்பாலும் தரும்; சுற்றாக்குவதற்குக் கடைசியில் சற்றுத் திருத்த நேரிடும்.

தடம் எதுவாயினும் மூலைகள் நம் கையில் இல்லை. மூலைக் கட்டத்தில் குதிரைக்கு இரண்டே வழிகள். வருவது ஒன்று, போவது மற்றொன்று. எனவே முதலெழுத்தின் இருபுறமும் 11ஆம் எழுத்தும் 18ஆம் எழுத்தும் நின்றே ஆக வேண்டும். அவ்வாறே 8இன் இருபுறமும் 14, 23; 57இன் இருபுறமும் 42, 51; 64இன் இருபுறமும் 47, 54. கலித்துறை ஏகாரத்தில் முடிய வேண்டும் ஆதலின், குதிரை நடையில் பிறக்கும் பாட்டின் கடைசி எழுத்தும் ஏகாரமே. முதல் எழுத்திலிருந்து புறப்பட்டால் அந்தக் கடைசி எழுத்து 11 அல்லது 18. அடிகள் ஒற்றில்லா நெடிலில் தொடங்கினால் 18 என்பது இரண்டாம் அடியின் எதுகை விழும் இடம். அங்கே ஏகாரத்தை வைத்தால் நான்கடி எதுகையும் அதனோடு கட்டுப்படும். ஆகவே குதிரையை 18ஐ நோக்கி அனுப்பி, 11இன் வழியாக வீடு சேர்ப்பதே எளிது. முதலடியின் 11ஆம் எழுத்தில் ஏகாரத்தை எழுதிவைத்துவிட்டு, மற்றவற்றைத் தொடங்கலாம்.